சிறுதேரும் சிற்றிலும்

குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் ஒன்று வாங்கக் கடைக்குச் சென்றால், கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, "ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?" என்பதே. ஆண் என்றால் வண்டியும் துப்பாக்கியும் பந்தும் வெளியே வரும். பெண் என்றால் பொம்மையும் செப்புச் சாமான்களும் வரும். ஆண்மயிலுக்குத் தோகை அமைந்ததுபோல, ஆணுக்கு வண்டியும் பெண்ணுக்குப் பாவையும் பிறவியிலேயே அமைந்தவை என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை நம் இலக்கியங்களைத் துணையாகக் கொண்டு இன்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

சங்கப் பாடல்களில் விளையாட்டுப் பொருள்கள் பல இடம்பெறுகின்றன. தச்சர் செய்து கொடுத்த சிறுதேரை இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகை காட்டுகிறது. குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைப் புதல்வர் உருட்டிச் செல்லும் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பெண் குழந்தைகளோ மணலில் சிறுவீடு கட்டுகிறார்கள். அதனைச் சிற்றில் என்பர். பாவை செய்து பூச்சூட்டுகிறார்கள், கழங்காடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள்.

ஆகவே, பாகுபாடு அன்றே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது கடக்க முடியாத மதிலாக இருக்கவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர் தம் இளமையை நினைத்து ஏங்குகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டி மகிழும் பெண்களோடு கைகோத்து ஆடிய நாள்களை அவர் நாணமின்றிச் சொல்கிறார். கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டுகளும் பகடைக் காய்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றை உருட்டிய கை ஆணின் கையா, பெண்ணின் கையா என்பதை மண் சொல்வதில்லை.

வழக்கமாக இருந்தது பிற்காலத்தில் விதியாக இறுகிற்று. அதனைப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் தெளிவாகக் காணலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். அதன்பின் எத்தனையோ புலவர்கள் இவ்வகை நூல்களைப் பாடினர். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் உண்டு. காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. தாலாட்டுக்கும் முத்தத்துக்கும் நிலவை அழைப்பதற்கும் ஆண் பெண் வேற்றுமை இல்லை. எட்டாம் பருவத்தில்தான் பாதை பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். குழந்தை நடக்கவும் பேசவும் தொடங்கிய பிறகே பெரியவர்கள் அதன் கையில் இன்னது இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள் என்பதை இந்த அமைப்பே நமக்கு அறிவிக்கிறது.

இவ்விதியின் வலிமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். மதுரை மீனாட்சியம்மை, திருவிளையாடற் புராணத்தின்படி, தேர் முதலான நால்வகைப் படையோடு திக்குவிசயம் சென்று வென்ற அரசி. குமரகுருபரர் அவள்மீது பாடிய பிள்ளைத்தமிழ் தமிழின் அரிய செல்வங்களுள் ஒன்று. எனினும் அந்நூலில் அவளுக்குக் கிடைப்பவை அம்மானையும் நீராடலும் ஊசலுமே. உலகை வெல்லத் தேர் உண்டு. விளையாடச் சிறுதேர் இல்லை! இது புலவரின் குறையன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழ் என்றால் தேர் கூடாது என்பது மரபு.

சிற்றிற் பருவம் இன்னும் சிந்திக்கத் தக்கது. கட்டுகிறவள் பெண், காலால் அழிக்கிறவன் ஆண். கலித்தொகையிலேயே இந்தக் குறும்பன் வந்துவிடுகிறான். சிற்றிலைச் சிதைத்துவிட்டுப் பந்தையும் பறித்துக்கொண்டு ஓடுகிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், நாளெல்லாம் வருந்திக் கட்டிய வீட்டை அழிக்காதே என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுகின்றனர். இறைவன் நம் பற்றுகளை அழிப்பதாக இதற்குத் தத்துவப் பொருள் கூறுவதுண்டு. அதனை நான் மதிக்கிறேன். ஆனால் தெருவில் விளையாடும் சிறுவனுக்குத் தத்துவம் தெரியாது. அழித்தால் தன்னைக் கொஞ்சுவார்கள் என்பது மட்டும் தெரியும். சிறுமி கற்றுக்கொள்வது, கட்டியது குலைந்தாலும் கெஞ்சத்தான் வேண்டும் என்பதை.

இனி, பந்தின் வரலாற்றைப் பார்ப்போம். இன்று பந்து ஆண்பிள்ளையின் உடைமை என்று கருதுகிறோம். நம் இலக்கியத்திலோ அது பெரிதும் பெண்ணின் பொருள். சிலப்பதிகாரத்தில் மகளிர் பந்தாடிப் பாடும் கந்துக வரி இருக்கிறது. பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்று ஒரு பகுதியே அமைந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிய குற்றாலக் குறவஞ்சியிலும் பந்தடிப்பவள் வசந்தவல்லிதான். பின்னர் ஆங்கிலேயரின் ஆட்டங்கள் வந்தன. சென்னையில் 1846ஆம் ஆண்டு கிரிக்கெட் சங்கம் தோன்றிற்று. பள்ளிகளின் வழியே கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆண்பிள்ளைகளின் ஆட்டங்களாகப் பரவின. நூறு ஆண்டுகளுக்குள், பந்தைத் தொட்ட பெண்ணை 'ஆண்பிள்ளை போல' என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்றபோது, பெண் புதிய பொருள் எதையும் கைக்கொள்ளவில்லை. தன் பழைய பொருளையே மீட்டுக்கொண்டாள். பந்து என்றும் பந்துதான். மாறியது அதற்கு நாம் இட்ட பெயரே.

இப்பாகுபாடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1959இல் பார்பி என்னும் பொம்மை பெண் குழந்தைகளுக்காக விற்பனைக்கு வந்து பெரும்புகழ் பெற்றது. அதனைக் கண்ட ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் ஆண்பிள்ளைகளுக்காக ஒரு போர்வீரன் பொம்மையைச் செய்தது. அதற்கும் உடை மாற்றலாம். கை கால்களை மடக்கலாம். ஆனால் பொம்மை என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று அஞ்சி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று வேறு பெயர் சூட்டினர். பெயர் மாறியதும் பையன்கள் விரும்பி வாங்கினர். வெறுப்பு பொருளின்மீது இல்லை, பெயரின்மீதே இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? அதே நாட்டின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய கடைகளில் ஆண், பெண் என்று குறிக்காத விளையாட்டுப் பொருட்பகுதி ஒன்று இருக்க வேண்டும் என்னும் அச்சட்டம் 2024 முதல் நடைமுறைக்கு வந்தது.

விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. எதை இழுக்கலாம், எதைக் கட்டலாம், யாரைப் பேணலாம் என்பதைக் குழந்தையின் கை முதலில் கற்பது விளையாட்டுப் பொருளிடந்தான். வண்டியைக் கழற்றிப் பூட்டாத சிறுமி, பின்னாளில் இயந்திரத்தைக் கண்டு தயங்கக்கூடும். பாவையைத் தொட்டிலிட்டு உறங்கவைக்காத சிறுவன், தந்தையானபின் தன் குழந்தையைத் தூக்கவும் கூசக்கூடும். இழப்பு இருபாலார்க்கும் உண்டு.

இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. தளர்நடை பயிலும் குழந்தைக்கு மூன்று சக்கர நடைவண்டி வாங்கித் தருகிறோம். அது மகனுக்கா, மகளுக்கா என்று எவரும் கேட்பதில்லை. அண்ணன் நடந்த வண்டியில் தங்கையும் நடந்து பழகுகிறாள். நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சியை ஆணும் பெண்ணுமாக இணைத்தே வைக்கிறோம். அந்தப் பொதுமையைக் குழந்தை நடக்கக் கற்ற பிறகும் ஏன் தொடரக் கூடாது? அடுத்த திருவிழாக் கடையில் மகளுக்கு ஒரு வண்டியும் மகனுக்கு ஒரு செப்புப் பெட்டியும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். இருவரும் சேர்ந்து ஒரு சிற்றில் கட்டட்டும். அதை யாரும் சிதைக்க வேண்டாம்.