பெற்றோர் மேல் விழுந்த பழி



ஒரு தோட்டத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், பிஸ்கட் தகரத்தைத் திறக்கும் ஓசை கேட்டால் ஓடி வருகிறது. பேசத் தொடங்கிய சில சொற்களும் நின்றுவிட்டன. நாள் முழுதும் ஒரு மூடியைச் சுழற்றி வேடிக்கை பார்க்கிறது. அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? "கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள்" என்கிறார் ஒருவர். "வேலை வேலையென்று பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாள்" என்கிறார் மற்றொருவர். யார் எதைச் சொன்னாலும் பழி வந்து விழுவது தாயின் தலையில்தான்.

இத்தகைய பிள்ளைகளின் நிலையை ஆட்டிசம் என்பர். தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குவர். தாயின் மேல் பழி போடும் வழக்கம் நம்மிடையே மட்டும் இருந்ததன்று. மெத்தப் படித்த மேல்நாட்டு மருத்துவர்களும் இதே பழியைப் பல ஆண்டுகள் சுமத்தி வந்தார்கள். அந்தப் பழி எப்படி வந்தது, அதை நீக்கியவர்கள் யார் என்பதை இன்று காண்போம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1933ஆம் ஆண்டில் டொனால்ட் டிரிப்லெட் பிறந்தான். தாய் தந்தையர் வந்தாலும் போனாலும் அவன் பொருட்படுத்துவதில்லை. ஆனால், எண்களில் மட்டும் அளவற்ற ஆர்வம் காட்டினான். மருத்துவர்களின் யோசனைப்படி அவனை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். பெற்றவர்களின் மனம் கேட்குமா? ஓராண்டிற்குப் பின், விடுதித் தலைவர் தடுத்தும் கேளாமல், 1938இல் பிள்ளையை வீட்டிற்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

வழக்கறிஞரான தந்தை, மகனைப் பற்றித் தாம் கண்டதையெல்லாம் 33 பக்கங்களில் எழுதி, பால்டிமோர் நகரிலிருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனருக்கு அனுப்பினார். கேனர் 1943இல், டொனால்டையும் சேர்த்து 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் உலகிற்கு அறிமுகமானது அக்கட்டுரையால்தான். அந்தக் கட்டுரைக்கு முன்னோடியாக அமைந்தது ஒரு தந்தையின் கடிதம் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்த நிலை பிறவியிலேயே அமைவது என்று கேனர் எழுதினார். ஆனால், அந்தப் பெற்றோரில் அன்பைத் திறந்து காட்டுவோர் சிலரே என்றும் அதே கட்டுரையில் குறித்து வைத்தார். பலர் முதற்கருத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்பில்லாத தாய்க்கு 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்னும் பெயரும் வந்தது. சிகாகோவில் ஒரு பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹெய்ம், 1967இல் வெளியிட்ட நூலின் மூலம் இக்கருத்தை எங்கும் பரப்பினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே நல்லது என்பது அவர் வாதம். பிள்ளையின் நிலையைக் கண்டு கலங்கி நின்ற தாய்க்கு, நீயே காரணம் என்னும் தீர்ப்பும் கிடைத்தது.

இதனை எதிர்த்து எழுந்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியல் அறிஞராகப் பணி செய்தவர். 1956இல் பிறந்த அவருடைய மகன் மார்க் ஓயாமல் அழுவான். யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான். இப்படி ஒரு பிள்ளையைப் பற்றித் தம் கல்லூரிப் பாடநூலில் படித்தது அவர் மனைவிக்கு நினைவு வந்தது. பழைய பெட்டிகளைக் கிளறி அந்நூலைத் தேடி எடுத்தார்கள். அதன் பிறகு ரிம்லண்ட் நூலகம் நூலகமாகச் சென்று, கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்தார். தாயே காரணம் என்பதற்கு எங்கும் சான்றில்லை! அதனை 1964இல் நூலாக எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் கேனரே. மறு ஆண்டு, பிற பெற்றோருடன் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு தேசியச் சங்கத்தையும் தொடங்கினார். இங்கிலாந்துப் பெற்றோர்கள் 1962லேயே இத்தகைய சங்கம் ஒன்றை அமைத்திருந்தார்கள்.

அமெரிக்கச் சங்கத்தின் 1969ஆம் ஆண்டுக் கூட்டத்தில் முதியவர் கேனர் பேசினார். பெற்றோர்களே, உங்கள் மீது குற்றமில்லை, உங்களை விடுவிக்கிறேன் என்னும் கருத்துப்பட அவர் கூறியபோது, கேட்டிருந்தவர்களின் நெஞ்சில் எத்தனை ஆண்டுப் பாரம் இறங்கியிருக்கும்!

1977இல் இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர், இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஒரே கரு பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில், 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு வேறு கருக்களாய்ப் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் அது இல்லை. வளர்ப்புதான் காரணமென்றால், ஒரே தாயிடம் ஒரே வீட்டில் வளர்ந்த இவர்களிடையே இந்த வேறுபாடு ஏன் வரவேண்டும்? மரபுக்கும் மூளை வளர்ச்சிக்கும் இதில் பெரும் பங்குண்டு என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் உறுதி செய்தன.

சரி, டொனால்ட் என்ன ஆனார்? ஒன்பது வயதளவில் அவர் ஒரு விவசாயத் தம்பதியிடம் விடப்பட்டார். அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். அளப்பதில் பிள்ளைக்குப் பைத்தியம் என்று கண்டதும், கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுகிறான் என்று கண்டதும், உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். குதிரை பூட்டிய ஏரை அவன் திறமையாக ஓட்டியதைக் கேனரே நேரில் கண்டு வியந்தார். பின்னாளில் டொனால்ட் கல்லூரிப் பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். எல்லாப் பிள்ளைகளும் இவ்வளவு தூரம் வருவதில்லை. சிலருக்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். ஆயினும், பிள்ளையின் போக்கறிந்து கற்பித்தால் எந்தப் பிள்ளையும் ஓரடியாவது முன்னேறும்.

நம் மலேசியாவிலும் பெற்றோர்களும் துறை வல்லுநர்களும் கூடி, 1986இல் தேசிய ஆட்டிசம் சங்கத்தை உருவாக்கினார்கள். 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் இப்பிள்ளைகளின் கல்விக்கும் உரிமைக்கும் இடமளிக்கிறது. சிங்கப்பூரில் 2004இல் பாத்லைட் பள்ளி தொடங்கப்பட்டது.

ஆகவே, நேயர்களே, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, பேசிய சொற்களை இழந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கண்டதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு போங்கள். எழுத வராதென்றால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஒரு தந்தை எழுதிய 33 பக்கங்கள் என்ன செய்தன என்பதை இப்போது நாம் அறிவோம்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தத் தாயைக் கண்டால் காரணம் கேட்க வேண்டாம். ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்க் கண்ணயர்ந்து வா என்று சொல்லுங்கள். மருத்துவ உலகம் தன் தவற்றை உணர்ந்து விலக்கிய பழியை, நம் வாசலில் நாம் மீண்டும் சுமத்தலாமா?