காய்க்காத செடியும் கடல் கடந்த துணையும்

தோட்டத்தில் ஒரு செடி செழிப்பாக வளர்ந்து, பூவும் விட்டு, காய் மட்டும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வோம்? உரம் போடுவோம், இடம் மாற்றி நடுவோம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு செடி சுமார் 80 வருடம் காய்க்காமலே நின்றது. அதற்குத் தேவைப்பட்டது உரம் அல்ல, ஒரு கடல் பயணம்!

அந்தச் செடியின் பெயர் அக்கூபா. ஜப்பானில் மர நிழலில் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும் புதர்ச்செடி. 1783-ல் ஜான் கிரேஃபர் என்பவர் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பச்சை இலையில் மஞ்சள் புள்ளி தெளித்த வகை அது. முதலில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். குளிரைத் தாங்கும் என்று தெரிந்த பிறகு வெளியே நட்டார்கள். நிழல், நகரத்துப் புகை எதற்கும் அசையாததால் எங்கும் பரவியது. ஆனால் அதன் அழகான சிவப்புப் பழத்தை மட்டும் யாரும் அங்கே பார்க்கவில்லை.

காரணம் எளிது. நம் ஊர்ப் பனையைப் போல அக்கூபாவிலும் ஆண் தனி, பெண் தனி. ஆண் பனையில் நுங்கு கிடைக்காது. ஆண் மரம் பக்கத்தில் இல்லாமல் பெண் பனையும் காய்க்காது. வந்து சேர்ந்ததோ பெண் செடி. அதிலிருந்து குச்சி வெட்டி நட்டவை எல்லாமே பெண்தான்!

ஆண் செடி தேடி ஜப்பான் போகலாம் என்றால் அந்த நாடு கதவை அடைத்திருந்தது. ஐரோப்பியரில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் நாகசாகியில் இடம். 1859-ல் யோகோஹாமா துறைமுகம் திறந்த பிறகுதான் வழி பிறந்தது. சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே ராபர்ட் ஃபார்ச்சூன் அங்கே போனார். யோகோஹாமாவில் டாக்டர் ஹால் என்பவரின் தோட்டத்தில் ஆண் செடி கிடைத்தது. 1861-ல் அது இங்கிலாந்துக்குப் பயணமானது. 1864-ல் லண்டன் கென்சிங்டன் கண்காட்சியில் சிவப்புப் பழங்களோடு அக்கூபா நின்றபோது பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

இன்றும் அக்கூபா வளர்ப்பவர்களின் முதல் கவலை பழம் இல்லை என்பதுதான். தீர்வும் அதேதான்: பெண் செடிகளுக்கு அருகில் ஓர் ஆண் செடி வேண்டும். இலை கருகினால் கடும் வெயிலா, வேரில் நீர் தேங்குகிறதா என்று பார்த்தால் போதும். உரம் அப்புறம். முதலில் செடிக்கு எது இல்லை என்று தெரியவேண்டும்.