கொச்சி அச்சகம் முதல் தரங்கம்பாடி வரை: தமிழில் விசுவாசப் பிரமாணம்

மட்டாஞ்சேரி பல சமயங்களும் பல மொழிகளும் ஒரே தெருவில் கூடி வாழ்ந்த இடம். 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும், போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும் இங்கே அருகருகே நிற்கின்றன. இம்மண்ணில் தமிழ் வளர்க்கும் நாம், தமிழ் உரைநடை வரலாற்றிலும் கிறித்தவ சமய வரலாற்றிலும் கொச்சிக்குள்ள பங்கினைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அக்குறையை ஓரளவேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேதாகமத்தையும் பழைய விசுவாசப் பிரமாணங்களையும் மார்ட்டின் லுத்தர் வழிவந்தோர் எவ்வாறு கற்றனர், அக்கல்வி தமிழில் எவ்வாறு வேரூன்றியது, அதற்குக் கொச்சி எவ்வகையில் முன்னோடியாயிற்று என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

விசுவாசப் பிரமாணம் என்பது யாது?

கிறித்தவர் தாம் நம்புவதைச் சுருங்கச் சொல்லும் அறிக்கையே விசுவாசப் பிரமாணம். இவ்வகையில் மூன்று அறிக்கைகள் மேலைத் திருச்சபையில் தொன்றுதொட்டு வழங்குகின்றன. முதலாவது அப்போஸ்தலர் பிரமாணம். இரண்டாவது நிசேயா பிரமாணம். இது 325-இல் நிசேயாவில் கூடிய சங்கத்தில் தோன்றி, 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு இணைத்துக் கூறப்படும் விரிந்த வடிவில் இன்று ஓதப்படுகிறது. மூன்றாவது அத்தனாசியு பிரமாணம். நிசேயாச் சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நிறைவை 2025-இல் உலகத் திருச்சபைகள் பலவும் கொண்டாடின.

வேதாகமம் இருக்கப் பிரமாணம் எதற்கு என்று வினவுவாருண்டு. தமிழ் மரபறிந்த நமக்கு இவ்வினா புதிதன்று. மூலம் இருக்க உரை எதற்கு என்பது போன்றதே இது. மூலத்திற்கு மாறாகச் செல்லும் உரை உரையாகாது. ஆயினும் உரையின்றி மூலத்துள் புகுவோர் வழி தவறுதலும் உண்டு. லுத்தரன் அறிஞர்கள் இவ்வுறவைத் தெளிவாக வரையறுத்தனர். வேதாகமம் அளக்கும் கோல். பிரமாணம் அக்கோலால் அளந்து சரிபார்க்கப்பட்ட கோல். பின்னது முன்னதற்கு அடங்கியது. சங்கம் கூடிச் சொன்னது என்பதனாலன்றி, வேதாகமத்தோடு ஒத்திருத்தலாலேயே பிரமாணம் ஏற்கத்தக்கதாகிறது. 

லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம், பெரிய ஞானோபதேசம் என இரு நூல்களை வெளியிட்டார். 1538-இல் மூன்று பிரமாணங்களைப் பற்றித் தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார். பழைய திருச்சபையின் விசுவாசத்தினின்று தாம் விலகவில்லை என்பதை நிறுவுவதே அதன் கருத்து. 1580-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த லுத்தரன் அறிக்கைகளின் தொகுப்பிலும் இம்மூன்று பிரமாணங்களே முதலிடம் பெற்றன.

கொச்சியில் எழுந்த தமிழ் நூல்

டிரெஸ்டன் தொகுப்பு வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1579 நவம்பர் 14-ஆம் நாள், நம் கொச்சியில் ஒரு தமிழ் நூல் அச்சாகி நிறைவுற்றது. 'கிரீசித்தியானி வணக்கம்' என்பது அதன் பெயர். போர்த்துக்கீசியப் பாதிரியார் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய ஞானோபதேச நூலின் தமிழாக்கம் அது. ஆக்கியவர் சேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார். 1520-இல் போர்த்துக்கல்லில் பிறந்து 1546-இல் இந்தியா வந்த இவர், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பல்லாண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்றார், 1600-இல் மறைந்தார்.

இதற்கு முன்னரும் தமிழ் அச்சேறியதுண்டு. 1554-இல் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் வழிபாட்டுச் சிறு நூல் வெளிவந்தது. அங்கிருந்த தமிழர் மூவர் அதற்குத் துணை நின்றனர். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. அதனை அடுத்து வந்த விரிவான நூல்தான் கொச்சி நூல். 1580-இல் பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் மற்றொரு தமிழ் நூலும் இங்கேயே அச்சிடப்பட்டது. ஆகவே தமிழ் எழுத்து அச்சுக் கலையின் தொட்டில்களுள் கொச்சியும் ஒன்று என நாம் பெருமிதத்துடன் கூறலாம்.

கொச்சி நூல் வினாவிடை முறையில் அமைந்தது. நமது பழைய உரைகளிலும் வினா எழுப்பி விடை கூறும் முறை உண்டு. லுத்தரின் சிறிய ஞானோபதேசமும் வினாவிடை நூலே. பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் கூறியபின், இதன் பொருள் யாது என்று அது வினவும். கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும் கொள்கையில் கடுமையாக மாறுபட்டிருந்த காலம் அது. எனினும் இரு திறத்தாரும் ஒரே பிரமாணத்தை ஒரே முறையில் பொதுமக்கட்குக் கற்பித்தனர் என்பது நோக்கத்தக்கது.

கூனன் சிலுவையும் ஒரு கேள்வியும்

பிரமாணம் மக்களை இணைக்குமா, பிரிக்குமா? இக்கேள்விக்கு மட்டாஞ்சேரியே ஒரு சான்று. மலையாள நாட்டுத் தோமா கிறித்தவர்கள் சிரிய மொழியில் வழிபட்டு வந்தவர்கள். அவர்கள் தொடர்பு கொண்டிருந்த கீழைத் திருச்சபை நிசேயா பிரமாணத்தை 410-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1599 ஜூன் திங்களில் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், அவர்களுடைய சிரிய நூல்களில் பிழை உண்டு எனக் கூறித் திருத்தவும் அழிக்கவும் ஆணையிட்டது. அரை நூற்றாண்டு சென்றபின், 1653 ஜனவரி 3-ஆம் நாள், தோமா கிறித்தவர்கள் மட்டாஞ்சேரியில் திரண்டனர். சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, சேசு சபையாரின் தலைமைக்கு இனி அடங்கோம் என ஆணையிட்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. கயிற்றை அனைவரும் இழுத்ததனால் சிலுவை வளைந்தது என்றும், அதனால் 'கூனன் சிலுவை' எனப் பெயர் பெற்றது என்றும் கூறுவர்.

அம்மக்கள் எதிர்த்தது நிசேயா பிரமாணத்தையன்று. அது அவர்களுடைய வழிபாட்டிலும் இருந்ததே. தங்கள் முன்னோர் ஓதிய மொழியையும் நூலையும் பிறர் வந்து பறித்ததையே எதிர்த்தனர். மேலிருந்து சுமத்தப்படும் விசுவாசம் மக்களைப் பிரிக்கும். மக்கள் தம் வாயால் பொருளுணர்ந்து சொல்லும் விசுவாசமே நிலைக்கும். வரலாறு தரும் இப்பாடத்தை மனத்திற்கொண்டு இனித் தரங்கம்பாடியை நோக்குவோம். 

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். அவர்கள் புராட்டஸ்டாண்டு சமயத்தினர் எனினும், கால்வின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். லுத்தரின் வழி தமிழ் மண்ணில் காலூன்றியது கிழக்குக் கரையிலேதான்.

தரங்கம்பாடியில் லுத்தரின் உரை

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றிக் புளுச்சாவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்தடைந்தனர். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்குதல் அவர் மேற்கொண்ட முதற்பணிகளுள் ஒன்று. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கி, 1711 மார்ச்சில் முடித்தார். அது 1714-15-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. தமது முப்பத்தாறாம் வயதில், 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இங்கு ஓர் அரிய செய்தி உண்டு. சீகன்பால்க் தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708-இல் ஓர் அட்டவணை எழுதினார். சைவ, வைணவ, சமண நூல்களோடு கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களும் அதில் இடம்பெற்றன. அந்நூல்களின் சொற்களையும் நடையையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். கடவுளைக் குறிக்கச் 'சருவேசுரன்' என்னும் சொல்லைக் கத்தோலிக்கர் வழக்கிலிருந்தே எடுத்தாண்டார். கொல்லத்திலும் கொச்சியிலும் அண்டிரிக் அடிகளார் தொடங்கிய கிறித்தவத் தமிழ், மதுரையில் தத்துவ போதகர் கையில் வளர்ந்து, மாறுபட்ட கொள்கையினரான தரங்கம்பாடியார்க்கும் உதவிற்று. கொள்கைப் பகைமையைக் கடந்து மொழி ஒரு பாலமாயிற்று என்பது மிகையன்று.

சொற்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. 'தம்பிரான்' என்றார் அண்டிரிக் அடிகளார். 'சருவேசுரன்' என்றார் சீகன்பால்க். 'பராபரன்' என்றார் 1772-இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பப்பிரிசியு ஐயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருத்தங்களில் 'தேவன்' என்னும் சொல் நிலைபெற்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மக்கள் மனம் புண்பட்டதுண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பழைய மொழிபெயர்ப்பில் கைவைத்தலை வன்மையாக எதிர்த்தார். அவரைப் புதுமைக்குப் பகைவர் என எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தாய்மடியில் கற்ற செபத்தின் சொல்லை மாற்றுவது எழுத்து மாற்றமன்று, நெஞ்சின் மாற்றம். மட்டாஞ்சேரியில் கயிற்றைப் பற்றியோரின் துயரமும் இத்தகையதே.

'நான்' என்பதும் 'நாம்' என்பதும்

லுத்தரின் உரையில் சிறப்பாக நோக்கத்தக்கவை இரண்டு. அப்போஸ்தலர் பன்னிருவர்க்கேற்ப அப்போஸ்தலர் பிரமாணத்தைப் பன்னிரண்டாகப் பகுப்பது இடைக்கால வழக்கு. லுத்தர் அதனை மூன்றாகப் பகுத்தார். பிதாவின் படைப்பு, குமாரனின் மீட்பு, ஆவியானவர் தூய்மையாக்குதல் என்பன அம்மூன்று. உழவனும் அவன் பிள்ளையும் விரல் விட்டு எண்ணி நினைவிற்கொள்ளத்தக்க எளிமை இது. இஃது ஒன்று.

மற்றொன்று, பொதுவுண்மையை அவர் தன்னுண்மையாக்கியது. கடவுள் உலகைப் படைத்தார் என்பதோடு நில்லாது, என்னையும் படைத்து, உணவும் உடையும் வீடும் தந்து காக்கிறார் என்று ஒவ்வொருவரும் சொல்லக் கற்பித்தார். மூன்றாம் பகுதியிலோ, என் சொந்த அறிவால் நான் விசுவாசிக்க இயலாது, ஆவியானவரே நற்செய்தியால் அழைத்தார் எனத் தொடங்கி, அவ்வாறே திருச்சபை முழுவதையும் அழைக்கிறார் என விரிந்து செல்கிறார். 'நான்' எனத் தொடங்கிய உரை அனைவரையும் தழுவி முடிகிறது.

நிசேயாவில் கூடிய ஆயர்கள் பன்மையில் அறிக்கையிட்டனர்; வழிபாட்டில் அது ஒருமையாகவும் வழங்கலாயிற்று. இப்பன்மையைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர்க்குப் பிற மொழிகள் பலவற்றில் இல்லாத ஒரு வினா எழும். கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' என்பதா? அவரை விலக்கி நிறுத்தும் 'நாங்கள்' என்பதா? பிரமாணங்கள் பிழையான போதனையை விலக்கவும் எழுந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றின் முதிர்ந்த பயன் உளப்பாட்டுப் பன்மையே என்பது எமது துணிபு. 'கத்தோலிக்க' என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழ்ப் புராட்டஸ்டாண்டார் 'பொதுவான' என மொழிபெயர்த்துத் தம் பிரமாணத்தில் இன்றும் ஓதி வருகின்றனர். அச்சொல்லின் பொருளும் இதுவேயன்றோ!

இக்கல்வி வெளிநாட்டார் கையிலேயே தங்கிவிடவில்லை. 1733 டிசம்பர் 28-ஆம் நாள் ஆரோன் என்னும் தமிழர் லுத்தரன் குருவாகத் தரங்கம்பாடியில் திருநிலைப்படுத்தப் பெற்றார். 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னுரிமையுடன் அமைந்தது. 1895-இல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் திருச்சபையார் தமிழகத்தில் தொடங்கிய பணி, 1907-இல் நாகர்கோவிலுக்கும் பரவி, பின்னர்க் கேரள மண்ணிலும் வேரூன்றியது.

முடிவுரை

நிசேயா பிரமாணத்தில் ஆவியானவரைக் குறித்து மேலைத் திருச்சபை பிற்காலத்தில் சேர்த்த ஒரு சொல் கிழக்கையும் மேற்கையும் நெடுங்காலம் பிரித்து வைத்தது. 2024-இல் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் வெளியிட்ட கூட்டறிக்கை, அச்சொல் இல்லாத கிரேக்க மூலத்தின் மொழிபெயர்ப்பையே பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. அளந்த கோலையும் மீண்டும் அளந்து பார்க்கும் துணிவு இது.

கொச்சியில் கத்தோலிக்கர் அச்சிட்ட தமிழ் நூல், மட்டாஞ்சேரியில் தோமா கிறித்தவர் பற்றிய கயிறு, தரங்கம்பாடியில் லுத்தரன்மார் மணலில் எழுதிய எழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்ததே நம் மரபு. முன்னோர் தந்த சொல்லைப் போற்றுதலும், மூலத்தோடு ஒப்பிட்டு அதனை ஆய்தலும், பிறரையும் உளப்படுத்தி அதனைச் சொல்லுதலும் நம் கடன். இக்கடனை ஆற்றும் இடமாகக் கொச்சித் தமிழர் வாழும் இவ்வூர் என்றும் விளங்குவதாக!