சுண்ணாம்புக் கலயமும் வம்ச வரலாறும்

ஃப்ளாரன்ஸ் நகரத்து அந்தினோரி குடும்பம் தன் வரலாற்றை 1385இலிருந்து எழுதுகிறது. ஜியோவான்னி டி பியரோ அந்தினோரி என்பவர் அந்த வருஷம் திராட்சை மது வணிகர் சங்கத்தில் பெயர் பதிந்தார். இன்றைக்கு 26ஆவது தலைமுறை என்கிறார்கள். சரி, திராட்சையைப் பயிரிட்டவன் குடும்பத்துக்கும் அதே எண்ணிக்கையில் தலைமுறைகள் உண்டுதானே? டஸ்கனியில் பாதிவாரத்துக்குப் பாடுபட்ட குடியானவர்கள் அவர்கள். அந்த முறையில் புது ஒப்பந்தம் போடக்கூடாது என்று இத்தாலியில் சட்டம் வந்ததே 1964இல்தான். புட்டியில் ஒட்டியிருப்பது பிரபுவின் பெயர்.

இதை ஆலங்குளத்துச் செம்மண் காட்டிலிருந்து வாசிக்கிறேன். என் தாத்தா பனையேறி. அவருடைய அப்பாவும் அப்படியே. ஏறிய மரங்கள் சொந்த மரங்கள் அல்ல. ஒருநாள் பதநீர் பனைக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுகிறவருக்கு. டஸ்கனிக்கும் எங்களுக்கும் இந்தப் பாதிவாரத்தில் வித்தியாசமில்லை. வித்தியாசம் சுண்ணாம்பில் இருந்தது.

பாளையைக் கடிப்பால் இடுக்கிச் சீவி, கலயத்தைக் கட்டினால் சொட்டுகிற நீர் ஒன்றுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் மரத்திலேயே புளித்துக் கள். 1886ஆம் வருஷத்து ஆப்காரிச் சட்டம் இந்தப் புளிப்பை வருமானமாக்கியது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க வந்தபோது அதே புளிப்பு குற்றமாயிற்று. விடிலியில் பதநீர் காய்ச்சிய பாட்டி சொல்வாள்: "சுண்ணாம்பு கொறஞ்சா கேஸு, கூடிப்போச்சுன்னா கருப்பட்டி கெட்டுப்போவும். ரெண்டுக்கும் நடுவுலதாம்ல எங்க பொழப்பு."

1971இல் கடை திறந்தார்கள், தாத்தா கள் இறக்கினார். 1974இல் மூடினார்கள், மறுபடி சுண்ணாம்பு. 1981இல் திறந்தார்கள், அப்பா இறக்கினார். 1987 ஜனவரியோடு கள்ளும் சாராயமும் போயின. கரும்பாலைக் கழிவிலிருந்து வடித்த சரக்கு போகவில்லை. அதை மொத்தமாக விற்க 1983இலேயே டாஸ்மாக் வந்துவிட்டது, 2003இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் கள்ளுக்கு லைசென்ஸ் உண்டு. குடியின் தீமை பற்றிய அறச் சொல்லாடல் மலையின் கிழக்குச் சரிவில் மட்டும், அதுவும் பனைமேல் மட்டும், பாய்வது எப்படி? குடித்துச் சீரழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். என் கேள்வி அதுவல்ல. யாருடைய நொதிப்பு மரபாகிறது, யாருடையது வழக்காகிறது என்பது.

அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் பனையேறி இருந்தான், இழிவாக. அந்த இழிவை எதிர்த்த எங்களவர்கள் பாண்டிய வம்சம் என்றும் க்ஷத்திரியர் என்றும் எதிர்வரலாறு எழுதினார்கள். 1921இல் அரசுப் பதிவேட்டிலும் நாடார் என்று பெயர் மாறியது. இடுப்புக்கு மேலே சீலை உடுத்தவும் கோயிலுக்குள் நுழையவும் அடிபட்டவர்களுக்கு அந்த வரலாறு தேவைப்பட்டது, அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தக் கதையாடலில் ராஜா இருக்கிறார், வணிகர் இருக்கிறார், உறவின்முறை இருக்கிறது. நெஞ்சு காய்த்துப்போன பனையேறி இல்லை. பட்டணத்துச் சொந்தக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் என் காதருகே சொன்னார்: "தாத்தா வெவசாயம்னு சொல்லிக்கோங்க தம்பி."

பனை விதைத்தால் பாளைவிடப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதுவரை அது அலகா பருவமா என்றுகூடத் தெரியாது. ஆக, விதைக்கிறவன் பேரனை நினைத்துத்தான் விதைக்கிறான். அந்தினோரிகள் பெருமைப்படும் தலைமுறைத் தொடர்ச்சி என்பது எங்களுக்கு அந்த மரத்தின் இயல்பிலேயே இருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்தாக மிஞ்சியது ஒரே ஒரு காகிதம். 1950களில் தாத்தா அபராதம் கட்டிய ரசீது. குடும்பத்தில் அவர் பெயர் அச்செழுத்துக்குப் பக்கத்தில் வந்த இடம் அது ஒன்றுதான். அவருடைய அரிவாள்பெட்டி பரணில் இருந்தது. போன வருஷம் பார்த்தேன், அத்தை அதில் பீடி இலை வெட்டும் கத்தரியையும் நூற்கண்டையும் போட்டு வைத்திருக்கிறாள்.