தொழுவத்தில் பிறந்த மாத்திரை

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளைச் சப்பித் தின்னச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்தப் 'பூச்சி மாத்திரை'யின் பெயர் அல்பெண்டசோல். அது பிள்ளைகளுக்காகப் பிறந்ததல்ல, ஆடுமாடுகளுக்காகப் பிறந்தது.

குடலில் புழு இருக்கும் செம்மறிக்குட்டி எவ்வளவு தின்றாலும் எடை போடாது. எடை போடாத குட்டிக்குச் சந்தையில் ஏது விலை? பண்ணைக்காரர்கள் புழு மருந்துக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழித்தார்கள். அந்த வியாபாரத்தை நம்பித்தான் மருந்துக் கம்பெனிகள் ஆராய்ச்சியில் இறங்கின. 1961இல் மெர்க் கம்பெனியின் தயாபெண்டசோல் வந்தது. அதே வேதிக் குடும்பத்தைத் துழாவிய அமெரிக்காவின் ஸ்மித்க்ளைன் நிறுவனத்தின் கால்நடை மருந்துப் பிரிவு, 1970களில் அல்பெண்டசோலைக் கண்டெடுத்தது. மனிதர்களுக்கு அது வந்து சேர்ந்தது 1980களில்தான்.

புழுவுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மனித மருத்துவத்துக்கும் தெரியாததல்ல. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். பிள்ளை சோகை பிடித்து வெளுத்துப்போகும். நாக்குப்பூச்சி சத்தில் பங்கு கேட்கும், பசியையும் கெடுக்கும். "என்ன கொடுத்தாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று தாய்மார் புலம்புவதில் விஷயம் இருக்கிறது. 1909இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அன்றைய மருந்து தைமால்; அதோடு பேதி உப்பும் குடித்தாக வேண்டும்.

அல்பெண்டசோலுக்கு அந்தப் பாடு இல்லை. புழுவின் செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களை உருவாகவிடாமல் தடுக்கிறது. சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினி கிடந்து சாகிறது; பிள்ளையின் சோற்றில் கைவைத்ததற்குப் பொருத்தமான தண்டனைதான். நம் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஒரே வேளை, 400 மில்லிகிராம். ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் பாதி.

ஆனால் ஆட்டுக்குட்டிக் கணக்கு பிள்ளைகளிடம் அப்படியே பலிக்கவில்லை. புழு மிகுந்திருந்த கென்யப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே வேளை மருந்தில் தேறினார்கள் என்று 1989இல் ஓர் ஆய்வு சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் சிறு குழந்தைகளை வைத்து நடந்த, 2013இல் வெளியான ஆய்வோ, எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. புழுச்சுமை அதிகமுள்ள பிள்ளைக்குப் பலன் கண்ணில் படும்; ஊர் முழுக்கக் கொடுத்துச் சராசரி எடுத்தால் அது கரைந்துவிடும். தவிர, மாத்திரை அன்றைக்குக் குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும், மண்ணில் கிடக்கும் முட்டையைத் தொடாது. அதனால்தான் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் புழு உள்ள ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.