கரையை விட்டுக் கிளம்பிய பாக்கம்

கோடம்பாக்கத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், சென்னைக்காரர்களில் பாதிப்பேர் ஆற்காட்டு நவாபின் குதிரைகளை அவிழ்த்துவிடுவார்கள். நவாபின் குதிரைகள் மேய்ந்த தோட்டம், உருதுவில் ‘கோடா பாக்’, அதுவே மருவிக் கோடம்பாக்கம் என்பது கதை. சேப்பாக்கத்துக்கும் இதே கைவரிசை உண்டு: ‘சே பாக்’, ஆறு தோட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நவாபின் சேப்பாக்கம் மாளிகை எழுந்ததே 1760-களில்தான். புரசைவாக்கமோ 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 11-ஆம் நூற்றாண்டில், ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் நுங்கம்பாக்கம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம், அரும்பாக்கம், விருகம்பாக்கம் என்று சுற்றிலும் பாக்கங்களாகவே கிடக்கும்போது, இரண்டை மட்டும் பிரித்தெடுத்து நவாபின் தோட்டத்தில் கட்டிப்போடுவானேன்?

பாக்கம் தமிழ்ச் சொல்தான், அதுவும் உப்புக் காற்றில் வளர்ந்த சொல். ஒவ்வொரு திணைக்கும் உரிய ஊர்ப்பெயர்களைச் சொல்லும் நம்பியகப்பொருள், குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி என்று ஒதுக்கிவிட்டு, நெய்தலுக்குப் பாக்கத்தையும் பட்டினத்தையும் கொடுக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இச்சொல்லுக்கு முதலில் நெய்தல் நிலத்தூர் என்றும், பிறகு பொதுவாக ஊர் என்றும் பொருள் தருகிறது. இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் கிடப்பதுதான் சென்னையின் கதை.

முதல் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் புகாருக்குப் போக வேண்டும். அந்த நகரம் இரண்டு பாக்கங்களால் ஆனது. கடலையொட்டி மருவூர்ப்பாக்கம், அதற்கு மேற்கே பட்டினப்பாக்கம், இடையில் மரநிழலில் கூடும் நாளங்காடி. மருவூர்ப்பாக்கத்தில் இளங்கோ காட்டும் கூட்டத்தைப் பாருங்கள். கப்பலில் வந்து தங்கிய யவனர், பல மொழி பேசிக்கொண்டு கலந்து வாழும் வெளிநாட்டார், பட்டும் பருத்தியும் நெய்பவர், கூலக்கடைக்காரர், பிட்டும் அப்பமும் விற்பவர், கள் விற்பவர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்பவர், கொல்லர், தச்சர், தட்டார், தையற்காரர், பாணர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, தேரோடும் வீதி, பெருவணிகரின் மாடங்கள், மறையோர் இருக்கை, மருத்துவர், சோதிடர். ஆக, பாக்கம் என்றால் நாலு குடிசையும் ஒரு வலையும் மட்டும் அல்ல. சிற்றூருக்கும் அந்தப் பெயர் வந்தது, ஒரு பெருந்துறையின் சரிபாதிக்கும் வந்தது.

சென்னைக் கரையில் இப்படி எல்லாரும் வந்து சேர்ந்த ஊர் மயிலாப்பூர். பெயரில் பாக்கம் இல்லை. ஆனால் ஆள்கூட்டம் அத்தனையும் பாக்கத்துக் கூட்டம். கிரேக்க நில நூலாசிரியர் தாலமி குறித்த ‘மலியார்பா’ இந்த ஊரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடியது இங்கேதான். மாசிக் கடலாட்டு அதில் ஒரு திருவிழா. அந்தப் பூம்பாவை ஒரு செட்டியார் வீட்டுப் பெண் என்கிறது பெரியபுராணம். சமணர்களுக்கு இங்கே நேமிநாதர் கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அந்தத் தெய்வத்தின் பெயரால்தான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்து தோமையார் பெயரில் சாந்தோமை எழுப்பினார்கள். கடலோரம் இருந்த கபாலீச்சரம் போய், இன்று குளத்தோடு நிற்கும் கோயில் உள்ளே தள்ளிப் பிறகு கட்டப்பட்டது. கோயிலே கரையிலிருந்து நகர்ந்த ஊரில் பாக்கம் என்ற சொல்லும் கரையை விட்டு நகர்ந்ததில் வியப்பில்லை.

சொல் நகர்ந்தது எப்போது? ரா.பி. சேதுப்பிள்ளை ‘ஊரும் பேரும்’ நூலில் கோடம்பாக்கத்தையும் மீனம்பாக்கத்தையும் நெய்தல் குடியிருப்பு என்றே கணக்கில் வைக்கிறார். பெரியவர் சொன்னதைத் தட்ட மனம் வராதுதான். ஆனாலும் கோடம்பாக்கத்திலிருந்து அலையைத் தொட ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டும். மீனம்பாக்கத்துக்கு அதைவிடத் தூரம். தேவாரத்தில் சம்பந்தர் பாடிய அச்சிறுபாக்கமும், சுந்தரர் பாடிய வெண்பாக்கமும் கடலுக்கு எவ்வளவோ உள்ளே இருப்பவை. (வெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது நீருக்குள் போனது, வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள்.) எனவே தேவார காலத்திலேயே பாக்கம் உப்புச் சுவையை இழந்து, தொண்டை மண்டலத்தில் வெறும் ‘ஊர்’ ஆகிவிட்டது. ஏரிக்கரையில், சதுப்போரத்தில், மேட்டில், எங்கே நாலு வீடு கட்டினாலும் பாக்கம்தான்.

உள்நாட்டுக்கு வந்த சொல் வாய்க்கு ஏற்றபடி தேய்ந்தது. ‘ம்’ முன்னால் நின்றால் நுங்கம்பாக்கம், விருகம்பாக்கம் எனப் பகரம் பிழைத்துக்கொள்ளும். உயிரொலிக்குப் பின்னால் வந்தால் பல இடங்களில் வகரமாகிவிடும்: புரசைவாக்கம், வில்லிவாக்கம், மேடவாக்கம். வெள்ளைக்காரர்கள் தம் பங்குக்கு இரண்டு பெயர்களில் வாலை நறுக்கினார்கள். சேப்பாக்கம் ‘சேப்பாக்’ ஆனது, கீழ்ப்பாக்கம் ‘கில்பாக்’ ஆனது. ‘பாக்’ என்ற தோட்டக் கதைக்கு உரம் போட்டது இந்த அரைகுறை உச்சரிப்பாகவும் இருக்கலாம்.

சேப்பாக்கத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று அங்கிருந்து கடலுக்குப் போக அகலமான மணல்வெளியைக் கடக்க வேண்டியிருப்பதற்குத் துறைமுகமே காரணம். 1870-களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டு மெரினாவில் குவிந்தது. அதற்கு முன் கடல் நவாபின் மாளிகைக்குக் கிட்டத்தில் இருந்தது. அந்த ஒரு பாக்கமாவது உண்மையிலேயே நெய்தல் பாக்கம்.

மற்றபடி, கரையைச் சொல் காலிசெய்த இடத்தில் குப்பம் குடியேறிவிட்டது. நடுக்குப்பம், அயோத்தியா குப்பம், நொச்சிக்குப்பம், அடையாற்றுக்குத் தெற்கே ஊரூர்க் குப்பம், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் பெயரைச் சுமக்கும் ஆல்காட் குப்பம். மீனவர் ஊர் எதுவென்று கேட்டால் இன்று குப்பம் என்பதுதான் பதில்.

இந்த வரிசைக்கு நடுவே ஒரே ஒரு பாக்கம் நிற்கிறது: பட்டினப்பாக்கம். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் விழும் இடத்துக்கு வடக்கே உள்ள பகுதி. ஆங்கிலத்தில் ‘ஃபோர்ஷோர் எஸ்டேட்’. சிலம்பை நினைவூட்டும் பெயர். ஆனால் முகவரி மாறிவிட்டது. இங்கே மணலில் நீலமும் பச்சையுமாக ஃபைபர் படகுகள் கிடக்கின்றன. படகின் நிழலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசல் தைக்கிறார்கள். சற்று வடக்கே லூப் சாலையில் வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் கூவி விற்ற பெண்களுக்காக 2024-இல் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் குடியிருப்புகளுக்குள்ளும் ஏறியது. இளங்கோவைக் கேட்டால் இதை மருவூர்ப்பாக்கம் என்பார். அவருடைய பட்டினப்பாக்கம் வேண்டுமென்றால் மேற்கே நடந்து, மயிலாப்பூர் மாடவீதிகளுக்குத் தேரோட்டம் பார்க்கப் போக வேண்டும்.

சிலம்பின் பெயர் இன்னோரிடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை நகருக்குள்ளிருந்து எடுத்துக் குடியமர்த்த, 2000-ஆம் ஆண்டில் ஒரு குடியிருப்பு தொடங்கியது. அதன் பெயர் கண்ணகி நகர், இருப்பது துரைப்பாக்கத்தில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல அனுப்பப்பட்டது பெரும்பாக்கத்துக்கு. இரண்டுமே பள்ளிக்கரணைச் சதுப்பை அண்டிய பாக்கங்கள். நகரத்தின் விளிம்பு என்ற வேலையை ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் பார்த்தது, இப்போது இவை பார்க்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் இவற்றுக்குப் பக்கத்திலேயே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்பதால், ஆள்கூட்டக் கலப்பில் மருவூருக்கு இவை இளைத்தவை அல்ல.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, வளசரவாக்கமும் காரப்பாக்கமும் ஈஞ்சம்பாக்கமும் துரைப்பாக்கமும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் வெளியே நின்றது.