ஆய்வுக்கூடத்தின் பூட்டு

ஓசூரை அடுத்தது தொரப்பள்ளி. 1878-இல் அவ்வூர் முன்சீப்பின் மகனாய்ப் பிறந்தார் இராஜாஜி. ஓசூரிலே பள்ளி, பெங்களூரிலே கல்லூரி, சென்னையிலே சட்டப்படிப்பு. கிடைத்தது குற்றமன்று. ஏர் பிடித்தவன் மகனுக்கும் ஆடு மேய்த்தவன் மகனுக்கும் அன்று கிடைத்தது என்ன? வரலாற்றை நோக்கி நாம் எழுப்பும் வினா இது.

ஆராய்ச்சிப் பணி அந்நாளில் அரிது. சி. வி. இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகவே கல்கத்தா சென்றார். அலுவல் போக எஞ்சிய வேளையில் ஆராய்ந்தார். பேராசிரியர் பதவி 1917-இல்தான் வந்தது. இராமானுஜனோ சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர். பட்டம் இல்லாத அவருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. நன்று! ஆனால், அவர் ஏட்டைப் புரட்டிப் பார்க்க இராமச்சந்திர ராவ் என்ற ஆட்சியர் இருந்தார். துறைமுகத்திலே நாராயண ஐயர் இருந்தார். கேம்பிரிட்ஜிலே ஹார்டி இருந்தார். எழுத்தறிந்த குடியிற் பிறந்த மேதைக்கே இத்தனை கைகள் வேண்டியிருந்தன. கைகொடுக்க ஆளில்லாதவன் கதி?

அவனுக்குப் பள்ளியே துணை. அந்தப் பள்ளியைத்தான் 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி அரைநாளாக்கினார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதிப் பொழுது பெற்றோர் தொழில்! அரைநாள் பள்ளியிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குப் பாதை ஏது? நாடு கொதித்தது. 1954-இல் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

பள்ளிக் கதவு திறந்தது, பட்டம் பெற்றனர், முனைவராயினர். ஆனால் அடுத்த கதவிலே பூட்டு, கணக்கு வடிவில் வந்தது. மத்திய அரசின் பணிச் சுழற்சி வரிசையில் பிற்படுத்தப்பட்டோரின் முதல் இடம் நான்காவது, பட்டியல் சாதியினருக்கு ஏழாவது, பழங்குடியினருக்குப் பதினான்காவது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டால் அவ்விடங்கள் வரும். துறையை அலகாகக் கொண்டால்? மூன்றே ஆசிரியர் உள்ள இயற்பியல் துறையில் நான்காவது இடம் எங்கே? 2017-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் துறையே அலகு என்றது. எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி, நிறுவனமே அலகு என்று நிலைநாட்டியது.

வெற்றிதான், முழு வெற்றியன்று. அச்சட்டத்தின் அட்டவணையே சில நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும், சென்னைக் கணித அறிவியல் நிறுவனமும் அதில் உள்ளன. உயர்ந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கீடு ஆகாதாம்! ஏன் ஆகாது? அறிவு குலத்தில் ஊறுவது என்ற பழங்கதையன்றி வேறு காரணம் உண்டா?

தோழர்களே! தொரப்பள்ளிக்கும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். தொலைவைச் சாலை குறைக்கும். பூட்டை நாமே திறக்க வேண்டும். பணியிட அறிவிப்பு வந்தால் விண்ணப்பிப்பதோடு நில்லாதீர்; இடங்களை எண்ணுங்கள், வரிசையைக் கேளுங்கள். ஒதுக்கிய இடத்தைத் 'தகுதியுடையார் இல்லை' என்று காலியாக விட்டால், எவர் அளந்தார், எக்கோலால் அளந்தார் என்று வினவுங்கள். ஐயத்தில் பிறப்பது அறிவியல்; அதன் வாயிலையும் ஐயத்தாலேயே திறப்போம்!